காரணம் என்கிற கட்டம்

மார்ச் 3, திங்கள்

புது நோட்டு. எதையும் தொடங்கும் முன் வரிசைப்படுத்திக்கொள்வது என் பழக்கம். முப்பத்தொரு வருடம் ரயில்களுக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுத்தவனுக்கு வேறு வழி தெரியாது. இந்த மாதம் எழுத வேண்டியவை:

1. ஏரிக்கரை விடுதிப் பயணம். 24ஆம் தேதி போய் 28ஆம் தேதி திரும்புவது. மகளும் மருமகனும் செய்த ஏற்பாடு. அவர்கள் வரவில்லை.

2. அவளுடைய இன்சுலின், மாத்திரை, சுகர் பார்க்கும் மெஷின் எல்லாவற்றையும் கெடாமல் கொண்டுபோகும் முறை.

3. ஊசி நேரம், சாப்பாட்டு நேரம். அட்டவணை.

4. இந்த வீட்டில் பயந்த சுபாவம் எனக்கு மட்டும்தான். அவளுக்கு எதற்கும் பயம் கிடையாது. ஆகவே பயணத்தில் பயப்பட வேண்டிய பொறுப்பு முழுவதும் என்னுடையது.

5. சம்பந்தியும் வருகிறார். ஏன்?

6. எனக்குப் பொறாமை. இதை ஒரு தடவை எழுதிவிட்டால் ஆறிவிடும் என்று நினைக்கிறேன்.

ஆறாவதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பேனா போகவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

காலை 7.10. அவள் படுக்கையறையில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு அங்கிருந்தே உரக்கச் சொன்னாள்: "நூத்தி இருபத்திரண்டு." நான் கூடத்து மேஜையில் எழுதிக்கொண்டேன். மெஷினில் வரும் எண் என் கண்ணுக்குப் பிடிபடாது. அவள் சொல்ல நான் எழுதுவது இரண்டு வருட ஏற்பாடு. தேதி, நேரம், எண், ஊசி அளவு, காரணம் என்று ஐந்து கட்டங்கள். எண் 140ஐத் தாண்டினால் மட்டும் 'காரணம்' நிரப்ப வேண்டும். எட்டு மாதமாக அந்தக் கட்டம் காலி. முறையாக இருந்தால் உடம்பு சொன்னபடி கேட்கும் என்பதற்கு இந்த நோட்டே சாட்சி. கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

7.20. தொலைபேசி. சம்பந்தி. மருமகனின் அப்பா. பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. இவளைப் போலவே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். தினமும் இதே நேரத்துக்குக் கூப்பிடுவார். என் அட்டவணையில் ஒரு வண்டி இவ்வளவு நேரம் தவறாமல் ஓடியிருந்தால் எனக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்கும்.

அவள் பக்கத்துப் பேச்சு மட்டும் காதில் விழுந்தது. "உங்களுக்கு எத்தனை மார்க்குண்ணா? ... ஐயோ, அப்ப நான் பரவாயில்லை. ... நேத்து நீங்க என்ன அராஜகம் பண்ணீங்க?" பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். சிரிப்பு மட்டும் கதவுக்கு அடியில் வந்தது. பதினொரு நிமிடம்.

அண்ணா என்று கூப்பிடுகிறாள். சரி. கூடப்பிறந்த அண்ணனிடம் அவள் பதினொரு நிமிடம் பேசி நான் பார்த்ததில்லை.

எழுபத்திரண்டு வயதில் கதவுக்கு வெளியே நின்று நிமிடம் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் பதினொன்று என்பதில் சந்தேகமில்லை.

மார்ச் 6, வியாழன்

டாக்டரிடம் போய்வந்தோம். விடுதிக்குப் போகிறோம் என்றதும் சந்தோஷப்பட்டார். அவர் சொன்னவை: இன்சுலின் இரண்டு செட், இரண்டு பையில். ஐஸ் மேல் நேராக வைக்கக் கூடாது, உறைந்தால் வீண். மருந்துச் சீட்டின் நகல். வெறுங்காலில் மணலில், புல்லில் நடக்கக் கூடாது. கையில் எப்போதும் இனிப்பாக ஏதாவது இருக்க வேண்டும்.

"அடிக்கடி லோ ஆகுதா?" என்று கேட்டார். அவளைத்தான் கேட்டார். நான் நோட்டை நீட்டினேன். "ஒரு தடவை கூட நூத்திப் பத்துக்குக் கீழ போனதில்லை டாக்டர்." அவர் பக்கங்களைப் புரட்டினார். பிறகு பரிசோதனைக் கூடத்துச் சீட்டைப் பார்த்தார். "மூணு மாச சராசரி அதிகமா வந்திருக்கே. உங்க நோட்டோட ஒத்துப்போகலையே." பரிசோதனைக் கூடத்தில் ரத்தக்குப்பி மாறியிருக்கலாம் என்று பணிவாகச் சொன்னேன். அவள் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அவள் செய்த முதல் வேலை, செருப்பைப் போட்டுக்கொண்டே சம்பந்திக்குப் போன். "ஆமாண்ணா, முடிஞ்சுது. ஒண்ணும் திட்டலை." நான் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எங்கோ வீட்டில் சாய்வு நாற்காலியில். செய்தி முதலில் அவருக்கு.

மார்ச் 8, சனி

நூற்று இருபத்தைந்து. பதின்மூன்று நிமிடம்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை. எழுதுகிறேன்.

சாப்பாட்டு நேரம் கேட்க விடுதிக்குப் போன் செய்தேன். இரவுச் சாப்பாடு 7.30 என்றான் வரவேற்பாளன். அப்படியானால் 7.00க்கு ஊசி. குறித்துக்கொண்டேன். அதோடு வைத்திருக்கலாம்.

"ரெண்டு ரூமும் பக்கத்துப் பக்கத்துல போட்டிருக்கோம் சார். நடுவுல ஒரு கதவு கூட இருக்கு."

"கதவா?"

"ஃபேமிலின்னு எழுதியிருந்தது, அதான்."

"இல்லை... கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்தா... நடுவுல இடைவெளி..."

"குறட்டையா சார்?"

எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. "ஆமாம்" என்றேன்.

"யாரு சார் விடறது? நீங்களா, தனி ரூம்ல இருக்கறவரா?"

"அவர்தான்."

சம்பந்தி குறட்டை விடுவாரா மாட்டாரா என்பதே எனக்குத் தெரியாது. பணியில் இருந்த காலத்தில் ஒரு நிமிடம் கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவன். இன்று ஒரு மனிதருக்கு இல்லாத குறட்டையைச் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

சம்பந்தி வந்திருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து ஆறேகாலுக்குப் போனார். வெளிர்நீலச் சட்டை, புதுத் தொப்பி. பயணத்துக்கென்று வாங்கியதாம். மொட்டைத் தலைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு முடி இருக்கிறது, தொப்பி வைத்தால் தபால்காரர் போல இருக்கும் என்று ஒருமுறை அவளே சொல்லியிருக்கிறாள்.

"என்ன சம்பந்தி, அட்டவணை ரெடியா?" என்று தோளில் தட்டினார். நான் நீட்டினேன். படித்தார். ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் பதினான்கு வரி. "பிரமாதம். மூச்சு விடறதுக்கு மட்டும்தான் நேரம் குறிக்கலை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு ஒரு விஷயம் சொன்னார். "ஒண்ணு மட்டும் தப்பா நினைக்காதீங்க. வெளியிடத்துல கடிகாரத்தைப் பார்த்து ஊசி போடக் கூடாது. சாப்பாடு ரெடியான்னு பார்த்துட்டுப் போடணும். அவன் ஏழரைம்பான், எட்டரைக்குத்தான் மூடியைத் திறப்பான்." நான் அட்டவணையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். விடுதியில் கேட்டு உறுதி செய்த நேரம் அது. பல் பிடுங்கினவருக்கு நேரத்தைப் பற்றி என்ன தெரியும்?

கிளம்பும்போது வாசலில் அவள் கையில் எதையோ வைத்தார். கைக்கு அடக்கமான தகர டப்பா. அவள் புடவைத் தலைப்பில் மறைத்தாள். மறைத்தாள் என்பது என் சொல். தலைப்பு அந்தப் பக்கம் விழுந்திருக்கவும் கூடும்.

மார்ச் 15, சனி

டப்பாவில் இருப்பது எலுமிச்சை மிட்டாய். அவள் குளிக்கப் போனபோது கைப்பையைத் திறந்து பார்த்தேன். திருமணமாகி நாற்பத்தாறு வருடத்தில் அவள் பையைத் திறந்தது இதுதான் முதல் தடவை.

சர்க்கரை நோயாளிக்கு இன்னொரு சர்க்கரை நோயாளி மிட்டாய் கொடுக்கிறார். அவள் வாங்கிக்கொள்கிறாள். நான் இரண்டு வருடமாக இந்த வீட்டில் தேநீருக்குக் கூட இனிப்பு போட்டுக்கொள்வதில்லை. அவள் எதிரே குடிக்க மனம் வராது என்பதற்காக. அதை அவள் ஒருநாளும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 17, திங்கள்

நூற்றுப் பத்தொன்பது. கதவு சாத்தியிருந்தது. எண்ணவில்லை. ஒன்பது நிமிடம் இருக்கும்.

மார்ச் 20, வியாழன்

மருந்துப் பெட்டி தயார். சின்னச் சின்ன அறைகள் உள்ள நீலப் பெட்டி. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன்: ஊசி முனைகள், பஞ்சு, சுகர் பார்க்கும் பட்டைகள், மெஷின் பேட்டரி, கால் களிம்பு. கடைசி அறையில் குளுகோஸ் பொடிப் பொட்டலம். 'தேவைப்பட்டால்' என்று எழுதினேன். என் நோட்டின்படி தேவைப்படாது. டாக்டர் சொன்னதால் வைத்தேன்.

மகள் வந்து பார்த்தாள். "அப்பா, இது மியூசியம் மாதிரி இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா கூட வர்றது உங்களுக்கு ஓகேதானே?" என்றாள். மாமா என்பது அவளுடைய மாமனார்.

"எனக்கென்ன?"

"இல்லை, அம்மாதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

அம்மாதான் என்ன? கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

நாளைக் காலை கிளம்புகிறோம். மிட்டாய் டப்பாவை அவள் பையிலிருந்து எடுத்து, என் அலமாரியில் பழைய அட்டவணைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். குளுகோஸ் இருக்கிறது, என்ன குறை. அவளுடைய நன்மைக்காக என்று எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை. அவர் கொடுத்தது அவள் பையில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

மார்ச் 24, திங்கள்

விடுதி அழகாகத்தான் இருக்கிறது. சரிவில் அங்கங்கே ஓட்டு வீடுகள், கீழே ஏரி, நடுவில் சாப்பாட்டுக் கூடம்.

வரவேற்பில் அந்தப் பையன் சம்பந்தியைப் பார்த்து முகம் மலர்ந்தான். "குறட்டை சார் நீங்கதானே?" சம்பந்தி திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "நானா? எனக்கே தெரியாம விடறேன் போல. தனியாப் படுக்கறவனுக்கு யார் சொல்றது?" என்று சிரித்தார். கடைசி வாக்கியத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நான் சாவிக் கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறட்டை மற்றவர்களுக்குத் தொல்லையாகாமல் அவருக்குச் சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய அறை. எங்களுக்கு அமைதியான இடமாம், சரிவின் உச்சியில் கடைசி வீடு. நடந்து பார்த்தேன். கூடத்திலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு அடி, அதில் அறுபத்தேழு படி. நான் கேட்ட இடைவெளி கிடைத்துவிட்டது. ஏறி இறங்க வேண்டியவர்கள்தான் நாங்கள்.

மார்ச் 26, புதன், காலை

நேற்று எழுதவில்லை. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம் நாலரைக்கு மிதிபடகு. முன்னால் இரண்டு பேர் மிதிக்க வேண்டும், பின்னால் ஒரு இருக்கை. எனக்குத் தண்ணீர் என்றால் பயம், கால் ஓடாது. ஆகவே அவளும் சம்பந்தியும் மிதித்தார்கள். நான் பின்னால் மூட்டை போல. இரண்டு பேரும் அவரவர் பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏரியைப் பாதி சுற்றிவிட்டார்கள். அவள் காதோர முடி காற்றில் பறந்தது. முப்பது வயதுக்காரி போல இருந்தாள். அந்த அழகுக்கு நான் பின்னாலிருந்து சாட்சி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

7.00. அறையில் ஊசி. அவள் கேட்டாள், "கீழ போய்ப் பார்த்துட்டுப் போட்டுக்கட்டுமா? அண்ணா சொன்னாரே." அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உள்ளே ஏதோ மூடிக்கொண்டது. "அட்டவணையில ஏழு மணி" என்றேன். அவள் போட்டுக்கொண்டாள்.

7.25. கூடம். கதவு சாத்தியிருந்தது. ஏதோ கம்பெனி ஆட்கள் அறுபது பேர் வந்திருக்கிறார்கள், கூட்டம் முடிந்து மேஜை மாற்றிப் போட எட்டரை ஆகும் என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சம்பந்தி இன்னும் வரவில்லை. நான் பரிசாரகரிடம் போய்க் கேட்டேன். கேட்டேன் என்றால், அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வந்துவிட்டேன். ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

8.10. அவள் நெற்றியில் வியர்வை. குளிர்ந்த காற்று, வியர்க்கிறது. "என்ன?" என்றேன். "என்னத்த என்ன?" என்று சீறினாள். என்மேல் கோபம் என்று நினைத்தேன். படகிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததற்குக் கோபம். நியாயம்தான் என்று பேசாமல் இருந்தேன். எவ்வளவு நேரம்? நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தை இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டேன்.

அவள் பையைத் திறந்து துழாவினாள். ஒவ்வொரு பொருளாக எடுத்து மடியில் போட்டாள். கைக்குட்டை, சாவி, சீப்பு. விரல்கள் தட்டுத் தடுமாறின. "டப்பா எங்க? என் டப்பா." என்னைப் பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "வண்டி போயிடுச்சா?" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. குளுகோஸ் மேலே, நீலப் பெட்டியில், பெயர் ஒட்டி, அறுபத்தேழு படிக்கு அப்பால். எழுந்து ஓடினேன். பத்தாவது படியில் செருப்பு அறுந்தது.

"சம்பந்தி, ஓடாதீங்க. இங்க வாங்க." அவர் குரல். அறையிலிருந்து வந்தவர் ஒரு பார்வையில் தெரிந்துகொண்டுவிட்டார். சட்டைப்பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்துப் பிரித்து அவள் வாயில் கொட்டினார். "முழுங்குங்க சம்பந்தியம்மா. ம், இன்னொண்ணு." திரும்பி, கூடத்தைப் பார்த்து, அந்தச் சரிவே அதிரும்படி, "ஜூஸ். இப்பவே" என்றார். மூன்று பேர் ஓடி வந்தார்கள். பிறகு என்னிடம், மெதுவாக, "நீங்க அவங்க கையைப் பிடிச்சுக்குங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

பிடித்துக்கொண்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது.

அவருடைய மெஷினில் பார்த்தார். ஐம்பத்திரண்டு. கால்மணி கழித்து எண்பத்தெட்டு. அவள் முகத்துக்கு அவள் திரும்பி வந்தாள். சம்பந்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அவளைச் சிரிக்க வைக்கத்தான், "போன வாரம் அம்பத்தெட்டு, இன்னைக்கு அம்பத்திரண்டு. உங்க ரெக்கார்டை நீங்களே முறியடிச்சுட்டீங்க" என்றார்.

போன வாரம்? போன வாரம் என் நோட்டில் 119, 124, 121.

நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜூஸ் தம்ளரைப் பார்த்தாள். சம்பந்தி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார். அந்த மனிதர் பேச்சை நடுவில் நிறுத்தி நான் பார்த்தது அப்போதுதான்.

மார்ச் 26, புதன், பிற்பகல்

விடியற்காலை அவள் தூங்கும்போது மெஷினை எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினேன். பழைய எண்கள் வரிசையாக வந்தன. 212. 187. 61. 240. 174. 58. என் நோட்டில் அந்தத் தேதிகளில் எல்லாம் 122, 125, 119 என்று. சாந்தமான, அழகான எண்கள்.

நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். பணியில் ஒரு நிலைய அதிகாரி இருந்தார். அவர் நிலையத்துக்கு மட்டும் எல்லா வண்டியும் நேரத்துக்கு வந்தன. ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், அத்தனையும் கற்பனை. தாமதம் என்று எழுதினால் தலைமையகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், பதில் எழுதிப் பதில் எழுதி அலுத்துவிட்டது என்று அழுதார். அந்தக் கடிதங்களை எழுதியவன் நான். கடுமையாக ஒரு சொல் இருக்காது. 'காரணம் தெரிவிக்கவும்.' அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு அப்போது வந்தது கோபம்தான். பொய் சொன்னதற்கு இல்லை. உண்மை அவரிடம் இருந்ததற்கு. எட்டு மாதம் அவளுடைய உண்மையான எண்கள் அனைத்தும் அந்த மனிதரிடம். என்னிடம் நகல் கூட இல்லை.

காலையில் ஏரிப் பக்கத்து பெஞ்சில் கேட்டேன். ஒத்திகை பார்த்து வைத்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "அவர்கிட்ட மட்டும் ஏன்?" என்றேன்.

"பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன்."

கொஞ்ச நேரம் செருப்பு நுனியால் சரளைக் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அவர்கிட்ட இருநூறுன்னா, எனக்கு இருநூத்திப் பத்தும்பார். சிரிச்சுட்டு விட்டுடுவோம். உங்ககிட்ட சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"திட்டியிருக்கேனா ஒரு நாளாவது?"

"திட்டினாத் தேவலையே. திருப்பித் திட்டுவேன். நீங்க பேனாவைத் திறந்து வெச்சுகிட்டு, 'நேத்து என்ன சாப்பிட்டே'ன்னு மெதுவாக் கேப்பீங்க. நான் சொல்றதை எல்லாம் காரணம்னு அந்தக் கட்டத்துல எழுதுவீங்க. அப்புறம் நாள் பூரா மூஞ்சி செத்துப்போய் உக்காந்திருப்பீங்க. எனக்கு ஒரு காரணமும் தெரியாதுங்க. சில நாள் அது பாட்டுக்கு ஏறும், அது பாட்டுக்கு இறங்கும். ஒரு நாள் நூத்தி இருபதுன்னு சொன்னேன். நீங்க எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்தினீங்க, ஏதோ பாட்டு முணுமுணுத்தீங்க. சரி, இப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் முணுமுணுத்தேனா? நினைவில்லை.

"அவர் வரணும்னு பொண்ணுகிட்டச் சொன்னதும் நான்தான்," என்றாள். "லோ ஆனா, தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட இருக்கணுமில்ல?"

தெரிந்த ஆள். நாற்பத்தாறு வருடம். இதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம். ஆனாலும் அவள் சொன்னது சரியான தகவல். எனக்குத் தெரியாது. தெரியாதபடி நானே பார்த்துக்கொண்டேன்.

"டப்பாவை எடுத்தது நான்தான்" என்றேன்.

"வேற யார் எடுப்பா?"

"குறட்டைன்னு சொன்னதும் நான்தான்."

இதற்கு மட்டும் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் உதடு, பிறகு தோள், பிறகு மொத்த உடம்பும் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பாதியில் அது அழுகையாகிவிட்டது. "உங்களால நான் நேத்து செத்திருப்பேன்" என்றாள். "என்னாலயும்தான்" என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

மார்ச் 27, வியாழன்

சம்பந்தியிடம் சொல்லிவிட்டேன், டப்பா, குறட்டை இரண்டும். பதினைந்து நிமிடம் அவர் அறை வாசலில் நின்று தைரியம் சேர்த்தேன். அவர் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி வைத்தார். பேசியபோது குரலில் வேடிக்கை இல்லை.

"டப்பாவை எடுத்தது பெரிய தப்பு. அது உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டாம்." பிறகு, "தினம் காலையில ஏன் கூப்பிடறேன் தெரியுமா? எனக்கு வீட்டுல என் எண்ணைக் கேக்க ஆளில்லை. என் பையன் வாரத்துக்கு ஒரு தடவை கேப்பான். நீங்க பேனாவோட உக்காந்திருக்கீங்கன்னு அவங்க சொல்லும்போதெல்லாம் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்."

அவருக்கு, என் மேல்.

வீட்டில் கேட்க ஆள் இருக்கிறது என்பதற்காக ஒருவர் என்னைப் பார்த்து வயிறெரிய முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரு நிமிடம் மகிழ்ச்சியாக இருந்தது. அற்ப மகிழ்ச்சி, ஆனாலும் மகிழ்ச்சிதான்.

எனக்கும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று விரலை நீட்டினேன். குத்தினார். தொண்ணூற்றாறு.

"தொண்ணூத்தாறா? எழுந்து போங்க சம்பந்தி. எங்க கட்சியில உங்களுக்கு இடமில்லை."

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் அதை அவளிடம் சொல்லி இருவரும் சிரித்தார்கள். நான் ஆரோக்கியமாகப் பின்னால் நடந்தேன். சூப் மேஜைக்கு வந்த பிறகு அவள் ஊசி போட்டுக்கொண்டாள். அந்த ஊசியை அரைமணி முன்னதாகப் போடாவிட்டாலும் ஒரு வேளைக்குப் பெரிய தீங்கில்லை என்று டாக்டர் போனில் சொன்னார். டாக்டருக்குப் போன் செய்து உண்மையான எண்களைப் படித்தவள் அவள். நான் உருப்பெருக்கியைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 28, வெள்ளி

திரும்பிவிட்டோம். வண்டி முப்பத்தைந்து நிமிடம் தாமதம். யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

டாக்டர் அளவை மாற்றிக் கொடுத்து மூன்று நாள் ஆகிறது.

இன்று காலை அவள் மெஷினை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, மேஜையில் என் எதிரே உட்கார்ந்து விரலைக் குத்தினாள். "நூத்தித் தொண்ணூத்து நாலு" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

எழுதினேன். 'ஏன்' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தண்ணீர் குடித்தேன்.

"என்ன, ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கணும் போலத்தான் இருக்கு."

"அப்ப கேளுங்களேன்."

"நாளைக்குக் கேக்கறேன்."

"மூஞ்சியை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

7.20க்குப் போன். கதவு திறந்திருந்தது. அவரிடமும் அதே எண்ணைத்தான் சொன்னாள். எனக்குப் பத்து நிமிடம் முன்னதாகச் சொல்லியிருக்கிறாள். இதைக் குறித்து வைப்பது சின்னத்தனம். குறித்துவிட்டேன்.

முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இரண்டும் முடிந்தன. மூன்றை மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஐந்தில் ஏன் என்று கேட்டிருந்தேன், பதில் கிடைத்தது. ஆறு ஆறவில்லை. இன்றைக்குப் பதினான்கு நிமிடம் பேசினார்கள்.

நான்கு தவறு. பயந்த சுபாவம் எனக்கு மட்டும்தான் என்று எழுதியிருக்கிறேன். எட்டு மாதம், தினமும் காலை 7.10க்கு, அவள் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, என்னிடம் சொல்ல ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைக் கண்டு பயப்பட உலகத்தில் ஒருவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, நான் இந்தப் பக்கம் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.